கோலமயிலுக்குக் கண்ணீர் அஞ்சலி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் பதினெட்டாம்படிக் கருப்பன் கேட்கட்டும், அத்தனையும் சத்தியம்.

திருநகரில் போஸ்டர் வடிவமைக்கும் கடை வைத்திருந்த ஜனகராஜுக்கு 2003 நவம்பரில் பெங்களூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டரில் வைத்துப் பிழைத்த ‘கோலமயில்’ மென்பொருளின் ஆயுள் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறதாம். புதியதை வாங்க வேண்டுமாம். புதியதில் பழைய ஃபைல் ஒன்றுகூடத் திறக்காது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று நாலாயிரம் டிசைன். அது போனால் கடை போச்சு.

ஜனகராஜ் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“செத்த பெறகு தேதி சொன்னா சாவு. முன்னாடியே தேதி குறிச்சா அது கொலை” என்றார்.

“அப்ப போலீசுக்குப் போங்க. இங்க உக்காந்து காயிதத்த மோந்து பாத்தா ஆச்சா?” என்றாள் மனைவி பத்மாசினி.

அவருக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். கம்பெனியின் மதுரை ஏஜெண்ட் உக்கிரபாண்டி ரிப்பேருக்கு வந்து போகும் ஒவ்வொரு தடவையும் கோலமயில் இன்னும் கொஞ்சம் நொண்டியது. கேட்டால், “வயசாயிருச்சுண்ணே, புதுசு வாங்கிருங்க” என்று தன் தோள்பையைத் தடவுவான்.

ஜனகராஜ் போலீசுக்குப் போகவில்லை. கோலமயிலைத் திறந்து, அதிலேயே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட்டார். நடுவில் அதன் அட்டைப்பெட்டிப் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ‘ஆறே வயதில் அகால மரணம்.’ கீழே, ‘ஆற்றொணாத் துயரத்தில்: உக்கிரபாண்டி, பழங்காநத்தம்.’ அலங்காநல்லூர் வரைக்கும் முந்நூறு ஒட்டியாயிற்று.

மதுரைப் பக்கம் செத்தது யாரென்று அப்புறம்தான் பார்ப்பார்கள். துயரத்தில் இருப்பது யாரென்றுதான் முதலில் பார்ப்பார்கள். விடிந்ததும் உக்கிரபாண்டி ஆபீஸ் வாசலில் இரண்டு வேன் நின்றது. அவன் சித்தி செல்லத்தாய் தெரு முனையிலேயே தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். மாமன் முறைக்காரர் நல்லகாமன் கோடித்துணியோடு இறங்கினார்.

“எங்க மாப்ள கெடத்திருக்கு? எடுப்பு எத்தன மணிக்கு?”

“மாமா, செத்தது மனுசன் இல்ல, கம்ப்யூட்டரு…”

“பிள்ளைக்கு இங்கிலீஸ் பேரா வச்ச? ஆறு வயசுல தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறியேப்பா!” என்று நல்லகாமன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். கொட்டுக்காரர்கள் தப்பைக் காய்ச்சத் தொடங்கினார்கள்.

அன்றைக்கென்று பார்த்து பெங்களூர் பெரிய அதிகாரி ஆபீசைப் பார்வையிட வந்திருந்தார். செத்துப்போனதைப் பெற்றவரே இவர்தான் என்று யாரோ சொல்ல, பெண்கள் அவரை நடுவில் உட்காரவைத்து மூன்று மணி நேரம் மாரடித்தார்கள். நாலாவது மணியில் அவரும் அழுதார். கோலமயில் இன்னும் பத்து வருஷம் உயிரோடிருக்கும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மறுவாரம் பெங்களூரிலிருந்து கோலமயிலைச் சரிசெய்யும் சி.டி. ஒன்று வந்தது. ஜனகராஜ் மூன்று நாள் அதைக் கடைக்குள்ளேயே விடவில்லை. கடைசியில் போட்டுப் பார்த்தால், நாலாயிரம் டிசைனும் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. நொண்டலே இல்லை.

அவர் முகம்தான் இருண்டது. சி.டி.யை வெளியே எடுத்து, அதன் மேலிருந்த தேதியை மனைவியிடம் காட்டினார்: ஜூலை 2001.

“பாத்தியா? மருந்த ரெண்டு வருசமாக் கையில வச்சுக்கிட்டே சாவுக்கு நாள் குறிச்சிருக்காய்ங்க.”

அந்தக் கடைக்கு முதன்முதலாகக் கரண்ட் இணைப்பு கொடுத்ததே 2006 மார்ச்சில்தான்.