ரீட் துரையின் தமிழ்

சீமையிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல், எங்கள் சின்னத் துரை ரீட் என்னிடம் இங்கிலீஷ் பேச மறுத்தார். நான் ஆபீஸ் கிராணி. கடிதமும் கணக்கும் என் வேலை. "கிராணி, தமிழ்லயே பேசுங்க. அப்பத்தான் எனக்கு வரும்" என்பார். செங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் எத்தனையோ துரைமாரைப் பார்த்தவன் நான். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வசவுத் தமிழ்தான். இவரோ கல்யாண வீட்டில் தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டார். கல்யாணத்தில் இலையை எந்தப் பக்கம் மடிப்பது, எழவு வீட்டில் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்டுத் தெரிந்துகொண்டார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனம் சொக்கிப் போனது. நானும்தான்.

அது அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரு பிடி சோறு வேலியைத் தாண்டினாலும் ஜெயில். ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய், திரும்பி வந்துதான் சாப்பிட வேண்டும்.

மருதமுத்து அப்படிப் போன ஒரு காலையில்தான் செத்தான். அரிசி கடத்தித் தரமாட்டேன் என்று சொன்னதற்காகக் காட்டுக்காரர்கள் அவனை மரத்தடியிலேயே சுட்டுப் போட்டார்கள். வேலிக்கு வெளியே இருந்த இடுகாட்டில் புதைத்தோம்.

கருமாதியன்று அவன் பெண்சாதி ராஜம்மா இரண்டு பிள்ளைகளோடு ஆபீசுக்கு வந்து நின்றாள்.

"தொரை, பசியோட போன மனுசன். இன்னிக்கு அவருக்குச் சோறு படைக்கணும். காக்கா வந்து எடுத்தாத்தான் அவரு தின்ன மாதிரி. ஒரே ஒரு எல சோறு கொண்டுபோவ விடுங்க."

ரீட் துரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்கவில்லை. யோசித்துவிட்டு, "சோறு கொண்டுபோங்கம்மா. கேட்ல நான் சொல்றேன்" என்றார். தானே கேட் வரைக்கும் நடந்து காவல்காரனிடம் சொல்லவும் செய்தார். மனுஷன் என்றால் இவனல்லவா மனுஷன் என்று நினைத்தேன்.

திரும்பி வந்த ராஜம்மாவின் முகம் தெளிந்திருந்தது. "காக்கா வந்திச்சு கிராணி. ஒரு பருக்கை மிச்சம் வெக்கல" என்றாள்.

அந்த வெறும் இலைதான் வினையாயிற்று. சாயங்காலம் ரோந்து வந்த போலீஸ்காரர்கள், குழிமேட்டில் துடைத்த இலையையும் கருவாட்டு முள்ளையும் கண்டார்கள். காட்டுக்காரன் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். மறுநாள் காலையில் லயத்துக்கு லாரி வந்தது. ராஜம்மா எதையும் மறைக்கவில்லை.

"நான்தான் வெச்சேன். தொரைதான் விட்டாரு."

வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி ரீட்டைப் பார்த்து இது உண்மையா என்று கேட்டார். பக்கத்தில் தோட்ட மேனேஜரான பெரிய துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரீட்டின் கழுத்து வரைக்கும் சிவந்தது.

"ஏதோ பூஜை என்றாள். பூ வைக்கப் போகிறாள் என்று நினைத்துவிட்டேன். என் தமிழ் அவ்வளவு போதாது" என்றார் இங்கிலீஷில்.

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். "சார், நானும் அங்கேதான் இருந்தேன். சோறு என்று தெரிந்துதான் விட்டார்" என்றேன்.

"உன்னைக் கேட்டால் பேசு" என்றார் அதிகாரி. கேட் காவல்காரன் பெரிய துரையின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ராஜம்மாவை லாரியில் ஏற்றினார்கள். அவள் அழவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு ரீட் துரையை மட்டும் பார்த்தாள்.

"தொரை, நீங்கதானே கொண்டுபோவச் சொன்னீங்க. ஒரு வார்த்த சொல்லிடுங்க. எம்புள்ளைங்களுக்கு வேற யாரும் இல்ல."

பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற தமிழ். ரீட் துரை என் பக்கம் திரும்பினார். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என்னிடம் இங்கிலீஷில் பேசினார்.

"என்ன சொல்கிறாள்?"