நெட் போனா

ஒரகடத்து ஃபேக்டரி ஆபீஸ் சுவரில் அந்த மஞ்சள் சீட்டு மறுபடியும் இடம் மாறியிருந்தது. மூணாவது நாள். சுகப்பிரியா திரும்பினாள்.

"மாரிராஜ், நீதான தொட்ட?"

"சத்தியமா நான் இல்லக்கா. சுங்குவார்சத்திரத்துல பஸ்ஸே கெடைக்காம இப்பத்தான் வாரேன்."

பிரவுசரால் என்னென்ன முடியுமோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. ஃபேக்டரி லைன்களில் இருக்கும் ஸ்கிரீன்களுக்கு வெப் பக்கம் எழுதுகிறவர்கள் வேண்டிய சீட்டுக் கூட்டத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். முதலில் கூட்டம் பிரித்தவன் கூட வேலை பார்த்த நெல்லையப்பன். 'கையுறை போட்டிருந்தா', 'சத்தத்துல கேக்கலன்னா', 'நெட் போனா' என்று தலைப்பு வைத்திருந்தான். இதென்ன மளிகைக்கடையா என்று சிரித்துக் கலைத்தவள் சுகப்பிரியா. சேமிப்பு தனி, நிகழ்வுகள் தனி, படம் தனி. பார்க்க அழகுதான், யார் இல்லையென்றது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத மூணாம் லைனில் கன்வேயரில் கை மாட்டி, ரத்தம் போயே செத்தான் நெல்லையப்பன். பாவி மனுஷன், பக்கத்திலேயே அவசர உதவி ஸ்கிரீன் இருந்தது. பட்டனை அமுக்கவேயில்லை, அவன் கவனக்குறைவுதான் என்று விசாரணையை மூடிவிட்டார்கள். ஆபீஸுக்கு அழைப்பு எதுவும் வரவில்லையே! அந்த ஸ்கிரீனுக்கு அவசரப் பக்கத்தை எழுதிய சுகப்பிரியாவும் அதில் கையெழுத்துப் போட்டாள்.

இடம் மாறுகிற சீட்டு, 'நெட் வந்தாச்சு' என்று பிரவுசர் தெரிவிப்பதற்கானது. நிகழ்வுகள் கூட்டத்தை விட்டுக் கிளம்பி, தினமும் சேமிப்புச் சீட்டின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. நெல்லையப்பனின் 'நெட் போனா' கூட்டத்தில் இரண்டும் அப்படித்தான் சேர்ந்திருந்தன.

"ஐயோ," என்றாள். அவசரப் பக்கத்துக்கு அவள் எடுத்தது சேமிப்புச் சீட்டை மட்டும். நெட் இல்லாதபோது அமுக்கினால் அழைப்பு ஸ்கிரீனிலேயே பத்திரமாகக் கிடக்கும். நெட் வந்ததும் அனுப்பு என்று அவள் எழுதவேயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூணாம் லைனில் நெட் இல்லை.

விட்டுப்போன நாலு வரியை எழுதினாள். அன்றைக்கு அணைத்த மூணாம் லைன் ஸ்கிரீனை மாரிராஜ் ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

அவள் மேஜையில் மணி அடித்தது. 'லைன் 3. உதவி. ஞாயிறு 11.20.' மறுபடி அடித்தது, 11.21. மறுபடி. பதினாலு தடவை அடித்து, 11.47-இல் நின்றது.

அத்தனையையும் பிரிண்ட் எடுத்தாள். அடியில் 'அவசரப் பக்கத்தை எழுதியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"யக்கா, வேலை போயிரும்."

"போவட்டும். பதினாலு தடவ கூப்பிட்டிருக்கான், மாரிராஜ். அந்த ஞாயித்துக்கெழம நானும் இங்கனதான் இருந்தேன். இந்தச் சுவத்துல சீட்டெல்லாம் கோணலா இருக்குன்னு நேரா ஒட்டிக்கிட்டிருந்தேன்."