வேறொருவர் வண்டியின் எண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கார் நிறுத்துமிடத்தில் கிடைத்தது. சீட்டு எழுதும் பெண் என் வண்டி எண்ணுக்குப் பதிலாக 4172 என்று கிறுக்கிக் கொடுத்தாள்.

“இது என் வண்டி இல்லையேம்மா.”

“தப்பா எடுத்துக்காதீங்க சார். கை பாட்டுக்கு எழுதிடுது. அண்ணன் வண்டி நம்பர்.”

அவள் சொன்னது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் சரக்கு.

2

‘இருள் சூழ்ந்த அந்த நிறுத்துமிடத்தில் ஒரு மர்ம…’

வேண்டாம். பட்டப்பகல், கொலையும் கிடையாது.

நான்கு வருடம் முன்பு, அவள் அம்மாவின் கடைசி நாளுக்கு அண்ணன் வந்து சேரவில்லை. மறுநாள் வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, “இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாத” என்றாள். தங்கை சொல்லைத் தட்டாதவன். காட்டவேயில்லை.

(போன் என்னவாயிற்று என்பீர்கள். கோபத்தில் அவன் எண்ணை அழித்துவிட்டாள். கோபம் அழிந்தபோது மனப்பாடமாக மிஞ்சியது வண்டி எண் மட்டும்.)

3

வண்டி எண் தகடு படிப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் எழுத்துகள் வண்டியின் மாநிலம். அடுத்த எண், பதிவு செய்த அலுவலகம். நடு எழுத்துகள் வரிசை. கடைசி நான்கும் அந்த வரிசையில் அந்த வண்டிக்கே உரியவை. யார் ஓட்டுகிறார்கள் என்பதைத் தகடு சொல்லாது. அதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. எண் வந்தால் அண்ணன் வந்தாயிற்று, அப்படித்தான் காத்திருந்தாள்.

4

ஒரு மதியம் 4172 வந்தது. எழுத்துகளும் அதேதான். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள். கண்ணாடி இறங்கியது. உள்ளே தலைக்குச் சாயம் பூசிய ஒரு அந்நியர்.

“என்னம்மா, சீட்டு தரலயா?”

“இந்த வண்டி… எங்கண்ணனோடது.”

“போன வருஷம் வாங்கினேன். உங்கண்ணனா அது? சரியான ஆளும்மா. நான் வெளி மாநிலம், எங்க ஊர் ஆபீசுக்கு மாத்தினா வேற நம்பர் வந்துடும், மாத்தாதீங்கன்னு கையப் பிடிச்சுக்கிட்டார். இத வெச்சுத்தான் ஒருத்தி தேடுவாளாம்.”

பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன.

“அவர் போன் நம்பர் இருக்கு. வேணுமா?”

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் எடுக்கவில்லை. இரண்டாவதில் எடுத்து அழுகிறான், கிழித்துவிட்டேன். மூன்றாவதில் மணி அடிக்கிறது, அவன் “ஹலோ, யாரு?” என்கிறான், அவள் வாயைத் திறக்கிறாள்,

அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. உங்களில் யாராவது அண்ணனோடு பேசாமல் இருந்தால், அடுத்த வரி உங்களுடையது. அவன் இன்னும் வைக்கவில்லை.