பென்ஹாலோ தொகுதியின் கடைசி முகவரி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு ஆட்சேபனைக் கடிதத்தில் பிறந்தது. மெல்பர்னின் கிழக்குப் புறநகரில் எங்கள் நாடாளுமன்றத் தொகுதியை ஒழிக்கப்போவதாக அறிவித்தபோது, ஜனங்கள் எழுதி அனுப்பிய ஆட்சேபனைகளை இணையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் கோபம். ஒன்றில் மட்டும் இரண்டு கையெழுத்து. அந்த இருவர் யாரென்று எனக்குத் தெரியாது. தேர்தல்தோறும் சாவடியில் உட்கார்ந்து, ஓட்டுப் போட வந்தவர் பெயரை வாக்காளர் பட்டியலில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு அடித்தவன் நான், தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால் கதை எழுதுகிறேன்.

(பென்ஹாலோ என்று வரைபடத்தில் தேட வேண்டாம். பெயர் என் சரக்கு.)

2

முதல் தொடக்கம்: 'பென்ஹாலோ தொகுதி 1949இல் உருவாக்கப்பட்டு, எல்லைகள் நான்கு முறை திருத்தப்பட்டு'... நானே கொட்டாவி விட்டேன். அடித்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: 'ஆப்பிள் தோப்புகள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு பெண்'... எந்தப் பெண்? அவள் இன்னும் வரவில்லையே!

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுபத்து நான்கு வருடம், ஐந்து உறுப்பினர்கள். ஐவரும் ரயில்வே கேட்டுக்கு மேல் பாலம் கட்டித் தருவதாகச் சத்தியம் செய்தார்கள். தொகுதி ஒழிந்த மறு வருடம் பாலம் வந்தது.

3

இப்போது மெர்ல், நெவில். இருவருக்கும் எழுபதுக்கு மேல், இருவரும் துணையை இழந்தவர்கள், ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. (பெரியவர்களை அவன், அவள் என்கிறேனே என்று முறைக்காதீர்கள். நான் பெற்றவர்கள், உரிமை இருக்கிறது.) அவள் சிவப்புக் கட்சி, அவன் நீலம். முப்பத்தொரு வருடமாகத் தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியான பள்ளிக்கூட வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, வாக்குச்சீட்டில் எந்த வேட்பாளருக்கு எதிரே ஒன்று எழுதுவது, யாருக்கு இரண்டு எழுதுவது என்று காட்டும் தங்கள் கட்சி அட்டைகளைக் கொடுப்பார்கள். ஒருவர் நகர்ந்தால் மற்றவர் இரண்டு அட்டைக் கட்டுகளையும் பிடித்துக்கொள்வார். அது வாசல் வழக்கம். ஒரு தேர்தலில் நடந்தது இது:

"நெவில், இதைக் கொஞ்சம் பிடி. டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

"போ தாயே. உன் ஆளு ஜெயிக்க நான் உழைக்கணும்னு என் தலையெழுத்து."

பள்ளிக்கு நிதி திரட்டக் கேக் விற்கும் மேசைப் பக்கம் மெர்ல் அரட்டையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம். நெவில் இரண்டு அட்டையும் கொடுத்தான். தன்னுடையது தீர்ந்த பிறகு அவளுடையதை மட்டும் கொடுத்தான். அந்தச் சாவடியில் முதல் முறையாகச் சிவப்பு ஜெயித்தது, ஒன்பது ஓட்டில். அவன் கட்சிக்காரர்கள் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

(இவ்வளவு நல்லவனா அவன்? எனக்கும் சந்தேகம்தான். முந்தைய வரைவில் அவள் அட்டைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டான். உடனே மெர்ல் வாசலைவிட்டே போய்விட்டாள், கதை அங்கேயே படுத்துக்கொண்டது. நான்தான் தொட்டியில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.)

4

பென்ஹாலோவை ஒழித்துப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கு போட்டபோது, புதிய எல்லைக்கோடு அவர்கள் தெருவின் நட்டநடுவே ஓடியது. மெர்ல் வடக்குத் தொகுதி, நெவில் தெற்கு.

"முப்பத்தொரு வருஷமா உன் ஓட்டை என் ஓட்டு சரிக்குச் சரியா அடிச்சுட்டிருக்கு," என்றான் நெவில். "இனிமே உன்னோடதை யாரு அடிக்கிறது? அவுத்து விட்டா நாடு என்னாகும்?"

"வாய் பேசாதே. பேப்பரை எடு, ஆட்சேபனை எழுதுவோம்."

எழுதினார்கள்: 'எங்களைப் பிரித்தால், இருவருமே ஜெயித்துவிடும் அபாயம் இருக்கிறது.'

தேர்தல் ஆணையத்திலிருந்து பதில் வந்தது: 'உங்கள் கருத்து கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது.' அதாவது, கிடையாது.

மெர்ல் அந்தப் பதிலை இரண்டாகக் கிழித்தாள். தொகுதி போனதற்காக இல்லை. தன்னோடு சளைக்காமல் சண்டை போட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆளைக் கோடு போட்டுப் பிரிக்கிறார்களே என்று.

5

முடிவு அ: தேர்தல் நாள். இருவரும் வேறு வேறு வாசலில் நிற்கிறார்கள். மழை. அட்டைகள் நனைகி... வேண்டாம். எனக்கே மனசு கேட்கவில்லை.

முடிவு ஆ: காலையில் நெவில் தெருவைக் கடந்து வந்து, முகவரி மாற்றும் படிவத்தை மெர்லின் மேசைமேல் வைத்தான்.

"உன் பக்கத்துக்குக் குடி வரேன்."

"எந்த வீட்டுக்கு?"

"பன்னெண்டாம் நம்பர் வாடகைக்கு இருக்காம்."

"அது கூரை ஒழுகும்."

"அப்போ பதினாலு?"

"பதினாலு என் வீடுடா, கிழவா!"

"தெரியும். அதான் கேக்கறேன். ஆனா ஓட்டு நீலத்துக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்."

"மாத்திப் போட்டுப் பாரு. அன்னிக்கே பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். எழுதிக்கொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

வாக்காளர் பட்டியலைப் பார்த்து மீதியைச் சொல்லேன் என்கிறீர்கள். என் மனிதர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. படிவம் மட்டும் இருக்கிறது: பெயர், பிறந்த தேதி, தெரு, எல்லாம் நிரப்பியாயிற்று. வீட்டு எண் காலி. பன்னிரண்டோ பதினாலோ, அவன் ஓட்டு அவள் ஓட்டை அடிக்கத்தான் போகிறது. அந்தக் கவலை விட்டது. எண்ணை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம், மெர்ல் முகம் சிவந்ததை மறைக்க எவ்வளவு நேரம்தான் கெட்டிலையே பார்த்துக்கொண்டு நிற்பாள்?