ஐப்பசிக் கூலி

விடிவதற்குச் சற்று முன்தான் மழை நின்றது. கரிசல் மண் மட்டும் விடவில்லை. பாதத்தில் அப்பிக்கொண்டு அடிக்கு அடி கனத்தது. கோவில்பட்டிக்கு வெளியே இருந்த அந்தத் தீப்பெட்டி ஆபீஸுக்கு வந்த பெண்கள், வாசல் கல்லில் காலைத் தேய்த்து மண்ணை வழித்துப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். போன வருஷம்தான் நயா பைசா வந்திருந்தது. கூலியை இன்னும் எல்லோரும் அணாவில்தான் பேசினார்கள்.

சுடலையம்மாள் சட்டத்தை மடிக்கு இழுத்துக் குச்சிகளை அடுக்கத் தொடங்கினாள். ஈரக் காற்றில் குச்சி விறைப்பில்லாமல் வழுகியது. நகக்கண்ணில் சிராய் ஏறியது. அவளுக்கு எதிரே வெயிலுமுத்து, அடுக்கி முடித்த சட்டங்களை வாங்கி, மெழுகில் தொட்டு, பிறகு மருந்துத் தட்டில் முக்கி எடுத்தான். கந்தக வாடை தொண்டையைப் பிடித்தது. முக்கி எடுத்த சட்டங்கள் காயப்போடும் கொட்டகையில் வரிசையாக நின்றன. முந்தாநாள் முக்கியவையும் அங்கேதான் நின்றன. விரலால் தொட்டால் மருந்து விரலோடு வந்தது. வெயில் அடித்தால்தானே காயும்?

மூன்று வாரமாகக் கூலி இல்லை. சனிக்கிழமைதோறும் பணத்துக்குப் பதில் ஒரு சீட்டு. அதைக் கொண்டுபோனால் பலசரக்குக் கடையில் கம்பும் சோளமும் கொடுப்பார்கள். முந்தின நாள் கடைக்காரர் அந்தச் சீட்டையும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். யாருக்கும் வேலையில் மனம் நிலைக்கவில்லை. ஆளுக்கு ஆள் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"மைதீன் அண்ணாச்சி, இந்தச் சனிக்கிழமையாவது வருமா?" என்று சுடலையம்மாள் கேட்டாள்.

கணக்கர் மைதீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பதில் தெரியும். ஆடி மாதமே தெரியும். அப்போது வெயில் கொளுத்தியது, வாராவாரம் சரக்கு வடக்கே போனது. அன்றைக்கே முதலாளி பெருமாள்சாமியிடம் சொன்னார்: ஐப்பசியில் குச்சி காயாது, சரக்கு ஏறாது. தீபாவளிச் சரக்குக்கு வடக்கத்தி வியாபாரிகள் பணம் அனுப்பக் கார்த்திகை தாண்டிவிடும். கூலியோ வாராவாரம் வேண்டும். பெட்டிமேல் ஒட்டும் சர்க்கார் வரி லேபிளை ரொக்கம் கட்டித்தான் வாங்க வேண்டும். வரவு நிற்கும், செலவு நிற்காது. ஆகவே மழை மாதத்துக் கூலியை இப்போதே ஒதுக்கி வைப்போம்.

பெருமாள்சாமி தலையாட்டினார். ஒதுக்கவும் செய்தார். பிறகு பருத்தி ஜின்னிங் பேக்டரி போட ஒரு மனை விலைக்கு வந்தது. ஒதுக்கிய பணம் முழுவதும் அதற்கு முன்பணமாகப் போனது.

"பணம் சும்மா கெடந்து தூங்கப்படாது வே" என்று அன்றைக்குச் சிரித்தார்.

இன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பில்லை. மறுபடி தொடங்கியிருந்த தூறலுக்குப் பிடித்த குடையை மடக்கிக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தார். பின்னாலேயே ஆட்கள் நான்கைந்து கணப்புச் சட்டிகளைத் தூக்கி வந்தார்கள். எல்லாவற்றிலும் கரி கனன்றுகொண்டிருந்தது.

வெயிலுமுத்து மருந்துத் தட்டை விட்டு எழுந்து கொட்டகை வாசலுக்கு வந்தான். "மொதலாளி, மருந்துச் சட்டத்துக்குப் பக்கத்துல நெருப்பா?"

"தள்ளித்தான் வைக்கச் சொல்லுதேன். நாளைக்குச் சரக்கு ஏறலன்னா பணம் வராது. பணம் வரலன்னா ஒங்களுக்குக் கூலி எங்கருந்து குடுக்க?"

கூலி என்ற சொல் எல்லோர் வாயையும் அடைத்தது. சட்டிகளை வைத்தார்கள். சுடலையம்மாள் சட்டத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். இரண்டு தரம் எழுந்து போய்க் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

காற்று ஒருமுறை சுழன்றது. ஒரு பொறி பறந்து விழ, சட்டிச் சூட்டில் காய்ந்திருந்த ஓரச் சட்டம் 'புஸ்' என்று சீறிப் பற்றியது. வெயிலுமுத்து யோசிக்கவில்லை. எரியும் சட்டத்தை இரு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிச் சேற்றில் எறிந்தான். பெண்கள் குடத்துத் தண்ணீரைச் சட்டிகளில் கவிழ்த்தார்கள். கொட்டகை தப்பியது. அவன் கைகள் தப்பவில்லை. முழங்கை வரை தோல் வெந்து சுருண்டிருந்தது.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டிக் கூலிக்கு முதலாளி சட்டைப் பையைத் தடவிவிட்டு, "கையில இல்லையே" என்றார். பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை சேர்த்துக் கொடுத்தார்கள்.

வண்டி போனதும் பெருமாள்சாமி, "சரி, போய் வேலையப் பாருங்க" என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

"ஏட்டி, காதுல விழலையா? நான் என்ன நோட்டா அச்சடிக்கேன்? பெட்டியில காசு கெடையாது. வேணும்னா தொறந்து பாருங்க!"

அது பொய்யல்ல. பெட்டி காலிதான். கந்து வட்டிக்காரனை நினைத்து அவருக்கும் ராத்திரி தூக்கம் இல்லை.

"காசு இல்லங்கிறது தெரியும் மொதலாளி" என்றாள் சுடலையம்மாள்.   "மருந்துக்காரனுக்குக் குடுத்தீய. வட்டிக்காரனுக்குக் குடுத்தீய. மனைக்காரனுக்கும் குடுத்தீய. எங்களுக்குக் குடுக்கணும்னா மட்டும் வடக்கேருந்து பணம் வரணுமாக்கும். மூணு வாரமா நாங்கதான் ஒங்களுக்குக் கடன் குடுத்து ஆபீஸ நடத்துதோம். வட்டிகூடக் கேக்கல. இப்ப கையையும் குடுக்கணுமா?"

பெருமாள்சாமி மைதீன் பக்கம் திரும்பினார். "என்ன வே, இதெல்லாம் நீரு சொல்லிக் குடுத்ததா?"

மைதீனுக்கு வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற மகள் இருந்தாள். இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை. ஆனாலும் சொன்னார்.

"நான் சொல்லிக் குடுக்கல. ஆனா அவிய சொல்லுததுல தப்பில்ல மொதலாளி. வடக்கே ஒரு லோடுக்குக் காணாட்டியும் காஞ்ச சரக்கு கொஞ்சம் குடோன்ல கெடக்கு. கடம்பூர் வியாபாரி முன்பணம் தாரேன்னு ஆள் விட்டாரு. விலை கொஞ்சம் கம்மிதான். ஆனா ரொக்கம். பாதிய அவருக்குத் தள்ளிட்டா லேபிளும் வாங்கலாம், கூலியும் குடுத்துரலாம்."

"நஷ்டத்துக்கு விக்கச் சொல்லுதீரா? பொறவு மனைக்கு அடுத்த தவணைய ஒம்ம அப்பனா கட்டுவாரு?"

"மனை காத்திருக்கும். அடுப்பு காத்திருக்காது."

"அப்ப நீரும் அவியகூடவே போயிரும்! நாளைக்கு இங்கன காலு வைக்கப்படாது."

மைதீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பெண்கள் ஏற்கெனவே குடோன் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் தயங்கி நின்றவரிடம் சுடலையம்மாள், "நனையாதீய, உள்ள தள்ளி உக்காருங்க அண்ணாச்சி" என்றாள்.

அங்கேயே முடிவு செய்தார்கள். நெருப்புச் சட்டி கூடாது. வெயிலுமுத்துவின் வைத்தியச் செலவை முதலாளி ஏற்க வேண்டும். நிலுவைக் கூலி வந்த பிறகுதான் சரக்கு வாசலைத் தாண்டும். இனி வெயில் மாதத்தில் மழை மாதத்துக் கூலியைத் தனியே ஒதுக்க வேண்டும். அதை வைக்கும் பெட்டியின் ஒரு சாவி தொழிலாளர் கையில் இருக்க வேண்டும். கடைசி வார்த்தையைக் கேட்டு ஜன்னலுக்குள்ளிருந்து பெருமாள்சாமி உரக்கச் சிரித்தார். போலீஸுக்கு ஆள் அனுப்புவதாகக் கத்தினார். தூறல் வலுத்தது. சிலர் பயந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று எழுந்தாள். போனவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

உச்சிப் பொழுதில் தெருக்கோடியில் ஒரு கூட்டம் தெரிந்தது. போலீஸோ என்று எல்லோரும் எழுந்தார்கள். வந்தவர்கள் பெண்கள். கையெல்லாம் மருந்துக் கறை. அடுத்த தெருத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள்.

முன்னால் வந்த சுந்தரம்மாள் மூச்சு வாங்கினாள். "கை வெந்தவன வண்டியில கொண்டு போனதப் பாத்தோம். எங்க ஆபீசுலயும் காலையில கரிச்சட்டி வச்சிட்டாவ."

"நீங்க என்ன செஞ்சீய?" என்று கேட்டாள் சுடலையம்மாள்.

"தண்ணிய ஊத்தி அணைச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டோம். இனிமே என்ன செய்யணும்னு தெரியல. அதான் இங்கன வந்தோம்."

சுடலையம்மாள் ஒரு கணம் அவர்களைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லைதான். பிறகு பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் நெருக்கித் தள்ளி, சாக்கின் ஓரத்தை இன்னும் நீளமாக இழுத்து விரித்தாள்.

"உக்காருங்கட்டி. பேசுவோம்."