குழிக்காவலன்

விதியை மாற்றுகிறவர்களுக்கு என்ன, ஒரு தாளில் நாலு வரி அச்சடித்து அனுப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த நாலு வரி யார் தலையில் இடியாக இறங்குகிறது என்று அவர்களுக்கென்ன கவலை! சீட்டாட்டக் கடைக்காரர் அந்தத் தாளைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிய அன்றும், அக்கா வழக்கம்போலச் சனிக்கிழமை மத்தியானம் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். கதவருகே நின்று படித்தாள். ‘குழிக்குப் போன சீட்டு இனி ஆட்டத்துக்குத் திரும்பாது.’

பணம் வைத்து ஆடும் சீட்டென்று நினைத்துவிட வேண்டாம். இது சேகரித்து ஆடுவது. உறை உறையாக வாங்கி, பிடித்ததை வைத்துக்கொண்டு, மற்றதை அடுத்தவரிடம் மாற்றி, ஆளுக்கொரு கட்டைத் தாங்களே சேர்த்து எடுத்துவர வேண்டும். ஒரு கட்டுக்குள் வீரர்கள் இருப்பார்கள், மதில்கள் இருக்கும், பூதங்கள் இருக்கும். எதிராளியின் மதில்களையெல்லாம் இடித்துவிட்டால் ஜெயம். அடிபட்ட சீட்டும் வேண்டாமென்று எறிந்த சீட்டும் மேஜையோரம் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலுக்குத்தான் குழி என்று பெயர். பழைய விதிப்படி, தன் மதில் ஒன்றைத் தானே இடித்துக்கொள்ளத் துணிந்தவன் குழியிலிருந்து ஒரு சீட்டை எழுப்பிக்கொள்ளலாம்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தம்பி கடையையே ஆட்டிவைத்தான். பூதத்தைக் களத்தில் இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்கு வேண்டிய பலம் சேர்வதற்குள் பாதி ஆட்டம் போய்விடும். எல்லோரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். தம்பி மட்டும், கைக்கு வந்த பூதத்தை எடுத்த எடுப்பில் குழியில் வீசினான். பார்த்தவர்கள், ‘ஐயோ பாவம், ஆடத் தெரியாத ஆள்’ என்று உச்சுக் கொட்டினார்கள். மறுபடி தன் முறை வந்ததும் தன் மதிலைத் தானே இடித்தான். பூதம் எழுந்து வந்து நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டது. உச்சுக் கொட்டிய வாயெல்லாம் பிளந்தபடியே நின்றது. அன்றிலிருந்து கடையில் அவன் பெயர் மாஸ்டர்.

அப்புறம் ஆளாளுக்கு அதையே ஆடத் தொடங்கினார்கள். அதை மறிக்கக் ‘குழிக்காவலன்’ என்ற சீட்டைத் தேடி அலைந்தார்கள். அது ஒருவன் கையில் இருந்தால் எதிராளி குழியைத் தொட முடியாது. காவலன் இல்லாமல் கட்டு சேர்க்கிறவன் கதவு வைக்காமல் வீடு கட்டுகிறவன் என்று கடையில் ஒரு பேச்சே உண்டு. ஒரு காவலன் கிடைத்துவிட்டால் பச்சைக் குழந்தையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வார்கள். கடைசியில் ஆட்டமே குழியும் காவலனுமாகச் சுருங்கிப்போய், சலித்துப்போய்த்தான், அச்சடிக்கிறவர்கள் குழியை மூடினார்கள். ஆக, விதி மாறியதற்கே தம்பிதான் காரணம். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்ன வினை செய்தான் அவன்? புத்தியோடு ஆடினான். அதுவா வினை?

அந்தப் புத்தியில்தான், குழியை மூடுவதற்கு முன்பே, மூளைக்காய்ச்சல் வந்து கை வைத்தது. பிழைத்துக்கொண்டான். நடந்தான், சாப்பிட்டான், சிரித்தான், பழைய கதையெல்லாம் அட்சரம் பிசகாமல் சொன்னான். புதிதாக எதுவும் உள்ளே தங்கவில்லை, அவ்வளவுதான். பேச்சு கொஞ்சம் திசைமாறினால் போதும், முன்னால் சொன்னது ஓட்டைப் பானைத் தண்ணீர்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், “அம்மா எங்கேக்கா?” என்றான். அக்கா உள்ளதைச் சொன்னாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுது ஓய்ந்து, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டே வந்து, “அம்மா எங்கேக்கா?” என்றான். மறுபடி சொன்னாள். மறுபடி அதே அழுகை, முதல் தடவை அழுத அதே அழுகை. ஒருத்தன் எத்தனை தடவைதான் தாயைச் சாகக் கொடுப்பான்! அதன்பின் அக்கா, “கடைக்குப் போயிருக்காங்கடா, வந்துடுவாங்க” என்று சொல்லப் பழகிக்கொண்டாள். முதலில் நாக்கு கூசியது. போகப்போகக் கூசவில்லை.

அவளுக்குப் பல் செட் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருப்பாள். வாரம் முழுக்க யார் யாரோ சிரிப்பதற்கான ஏற்பாடு. அவளுக்குச் சிரிப்பு வருவது சனிக்கிழமைதான். கடையில் அவளைப் பல்லக்கா என்பார்கள். “மாஸ்டரைத் தோக்கடிச்சா பல்லக்கா பல்லைப் பிடுங்கிடும், பார்த்து ஆடுங்கப்பா” என்று கேலி செய்வார்கள். தம்பியின் பழைய விதியும் பழைய சீட்டுகளும் காய்ச்சலுக்கு முன்னாலேயே உள்ளே போனவை. அவற்றைக் காய்ச்சல் தொடவில்லை. மேஜையில் உட்கார்ந்துவிட்டால் அவன் முழு மனுஷன். அதைப் பார்க்கத்தான் அவள் கதவோரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் காத்துக் கிடந்தாள். வேறென்ன இருந்தது அவளுக்கு?

புது விதி வந்த அன்று எதிரே உட்கார்ந்தவன் நெட்டை. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, நல்ல பையன். தம்பி எடுத்த எடுப்பில் பூதத்தைக் குழியில் வீசினான். நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். தம்பி தன் மதிலை இடித்துவிட்டுக் குழிக்குக் கையை நீட்டினான்.

“மாஸ்டர், அது… இப்போ எடுக்க முடியாது.”

“ஏன், காவலன் வச்சிருக்கியா?”

“இல்ல மாஸ்டர். விதி மாறிடுச்சு.”

“டேய், யார்கிட்ட விளையாடுறே!” என்று தம்பி சிரித்தான். கடைக்காரர் கதவில் ஒட்டிய தாளைக் காட்டினார். எழுந்துபோய்ப் படித்தான். முகம் வெளுத்துப்போயிற்று. “மன்னிச்சுக்கப்பா, எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தோற்று எழுந்தான். அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தான். பூதத்தைக் குழியில் வீசினான்.

மறுபடி அந்தத் தாள், மறுபடி அந்த வெளுத்த முகம், மறுபடி அந்த மன்னிப்பு. அந்த மத்தியானம் முழுவதும் இதேதான். அம்மா செத்த கதைதான் இங்கேயும் நடக்கிறது, வேறென்ன!

அவனைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு அவள் கடைக்காரர் முன்னால் கைகூப்பினாள். “அண்ணே, உங்க எல்லாருக்கும் புது விதி. அவனுக்கு மட்டும் பழசா இருக்கட்டும். அந்தத் தாளையும் சனிக்கிழமை மட்டும் எடுத்துடுங்க. உங்க காலில் வேணாலும் விழறேன்.”

“ஏம்மா, இதுக்குப் போய்!” என்று அவர் பதறினார். சுற்றி நின்றவர்களும் சரியென்றார்கள். தங்கமான மனிதர்கள். நல்லது செய்யப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. விதி மாறினால் தாள் மட்டுமா மாறும்? அவரவர் கட்டும்தானே மாறியிருக்கிறது? குழி மூடியபின் காவலனுக்கு என்ன வேலை? எல்லோரும் காவலன்களை உருவி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பாய்ந்து அடிக்கிற வீரர்களைச் சொருகியிருந்தார்கள். பொத்தி வைத்த சீட்டெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் சீந்துவாரில்லாமல் கிடந்தது.

அந்தக் கட்டுகளோடுதான் தம்பியிடம் பழைய விதிக்கு ஆடினார்கள். கதவே இல்லாத வீட்டில் திருடனுக்கு என்ன கஷ்டம்! பூதம் எழுந்தது, மதில் சரிந்தது, ஆட்டம் முடிந்தது. வாராவாரம் தம்பி எல்லோரையும் ஜெயித்தான். “அம்மாகிட்ட சொல்லணும்க்கா” என்று வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தான். அக்காவுக்கும் உச்சி குளிர்ந்தது. குளிரட்டுமே, அவளும்தான் எத்தனை நாள் வெந்துகொண்டிருப்பாள்!

பிறகொரு சனிக்கிழமை, நெட்டையோடு ஆடும்போது தம்பியின் கையிலிருந்து ஒரு சீட்டு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. மேஜையின் ஒரு கால் குட்டை. ஆடாமல் இருக்க, கீழே எதையோ நாலாக மடித்துச் செருகியிருந்தார்கள். அதை உருவி எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தான். குழிக்காவலன்.

“இதையா மடிச்சு வச்சிருக்கீங்க?” என்று கேட்டான். அவன் நெட்டையின் கட்டுக்குக் கை நீட்டினான். “காட்டு.” நெட்டை அக்காவைப் பார்த்தான். “அவளை ஏன் பார்க்கிறே? காட்டு.”

கட்டை வாங்கிப் புரட்டினான். பக்கத்து மேஜைக்காரரின் கட்டையும் வாங்கிப் புரட்டினான். அவன் கண் சீட்டுகளின்மேல் ஓடிய வேகத்தைப் பார்த்ததும் அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். புதிதாக எதையும் வைத்துக்கொள்ளத்தான் அவனால் முடியாது. எதிரே இருப்பதைக் கணக்குப் போட அவனை மிஞ்ச அங்கே ஆளில்லை. அதை எல்லோரும் மறந்திருந்தார்கள், கூடப் பிறந்தவளும் சேர்த்து.

“ஒருத்தன்கிட்டயும் காவலன் இல்ல,” என்றான் மெதுவாக. “எனக்கு எதிரா காவலன் இல்லாம எவனும் உட்கார மாட்டான். முட்டாளுங்க இல்ல நீங்க. அப்போ குழியை மூடியாச்சு. எப்போ மூடினாங்க?”

“கொஞ்ச நாள் ஆச்சு மாஸ்டர்,” என்றான் நெட்டை.

“அன்னையிலிருந்து எல்லாரும் சேர்ந்து எனக்குத் தோத்துட்டு இருக்கீங்க.” தம்பி திரும்பினான். “நீதான் சொல்லி வச்சியாக்கா?”

அவள் தலையாட்டினாள்.

“அம்மா எங்கேக்கா?”

“கடைக்கு…” என்று பழக்கத்தில் வாய் தொடங்கிவிட்டது. எதிராளியின் கையைப் படிக்கிற அதே பார்வையால் அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் இருந்ததை அவன் படித்து முடித்தான்.

அவன் தலையில் அடித்துக்கொள்வான், கதறுவான் என்று அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான்.

“இதையும் நான் மறந்துடுவேன், இல்ல?”

“ஆமாண்டா.”

“அப்போ மறக்கறதுக்குள்ள சொல்லிடறேன், கேட்டுக்கோ. அம்மாவைப் பத்தி நீ சொல்றதைச் சொல்லிட்டே இரு. அதை என்னால திரும்பத் திரும்பத் தாங்க முடியாது. ஆனா இது வேண்டாம். எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். இதுல எவனும் எனக்குப் பிச்சை போடக்கூடாது. இனிமே என்னை இங்கே கூட்டிட்டு வராதே. நானே கெஞ்சினாலும் கூட்டிட்டு வராதே. சத்தியம் பண்ணு.”

அவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். வேறென்ன செய்வாள்? நெட்டை சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

தெருமுனை திரும்பும்போது தம்பி அவள் கையை ஆட்டினான். “இன்னைக்கு ஜெயிச்சேனாக்கா?”

“ஜெயிச்சேடா.”

“அம்மாகிட்ட சொல்லணும்.”

வாரத்தின் நடுவில் கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். “எல்லாரும் பழைய கட்டையே தனியா சேர்த்து வச்சிருக்கோம்மா. ஆளுக்கு மூணு காவலன். மேஜைக் காலுக்கு மரத்துண்டு வச்சாச்சு. இனி அவரால கண்டுபிடிக்கவே முடியாது. அவருக்குத்தான் அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்காதே, கூட்டிட்டு வாம்மா.”

அக்கா மெழுகில் நட்ட பல்லைப் பார்த்தபடி இருந்தாள். ஆசை யாரை விட்டது? சத்தியம் வாங்கியவனுக்கே சத்தியம் ஞாபகமில்லை. மீறினால் கேட்பார் யார்? அவன் சிரிப்பான், குதித்துக்கொண்டு வருவான். ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு, எல்லாம் தெரிந்து, முழுசாக நின்று, அவன் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான். அந்தத் தம்பியை அவள் இனி எங்கே போய்ப் பார்ப்பாள்? அவன் சொல்லையாவது வைத்துக்கொள்ள வேண்டாமா?

“வேண்டாம்ணே,” என்றாள். அவர் போனபின் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை வந்தது. எதிர்வீட்டுக்காரர் சனிக்கிழமைதான் கார் கழுவுவார். அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் தம்பிக்குக் காலண்டர். தலையைப் படிய வாரி, சட்டையின் மேல் பட்டன் வரை போட்டு, கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

“கிளம்பலாமாக்கா?”

“எங்கேடா?”

“ஆட்டத்துக்குத்தான். சனிக்கிழமைல்ல?”

“இன்னைக்கு வெள்ளிடா.”

“எதிர்வீட்டுல கார் கழுவுறாங்களே?” கணக்கில் கெட்டிக்காரன், விடுவானா!

“வெளியூர் போறாங்களாம். அதான் ஒருநாள் முன்னாடியே கழுவுறாங்க.”

பொய் ஆட்டம் வேண்டாமென்று சொன்னவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, பொய்க்குமேல் பொய். அவன் கொஞ்சம் யோசித்தான். நம்பிவிட்டான்.

“சரிக்கா. அம்மா வந்ததும் சொல்லிடு, நாளைக்கு எனக்கு ஆட்டம் இருக்குன்னு.”

“சொல்றேன்.”

அவன் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து சீட்டைக் கலைத்துப் போடும் சத்தம் கேட்டது. அக்கா பின்னறைக்குப் போய் மெழுகைச் சூடாக்க வைத்தாள். வெளியே தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மெழுகு இளகுவதற்குள் அவன் அறை வாசலில் வந்து நின்றான், தலையைப் படிய வாரி, கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

“கிளம்பலாமாக்கா?”