பதினொன்றரை மணி ஊசி

ஸ்ரனிஸ்லஸின் நெற்றியில் எழுதியிருந்ததை அவன் மனைவிதான் துடைத்துவிட்டாள். அளம்பில் கரையில் ஷெல் பட்டவனுக்கு அங்கேயே மோர்பின் ஊசி போட்டு, நேரத்தை நெற்றியில் நீலப் பேனையால் குறித்து ட்ராக்டரில் ஏற்றியிருந்தார்கள். முகமெல்லாம் மண்ணும் இரத்தமும். பார்க்கப் பொறுக்காமல் சேலைத் தலைப்பை நனைத்து வழிநெடுகத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில் நேர்ஸ் நிறஞ்சனா பார்த்தது எழுத்தில்லாத நெற்றியை. ஏற்கெனவே போட்டது தெரியாமல் இரண்டாம் மோர்பினைப் போட்டுவிட்டு, டொக்டருக்கு உதவியாக அடுத்த கட்டடத்துக்கு ஓடினாள். அங்கே ஒருவரின் வயிறு திறந்து கிடந்தது.

பதினொன்றரைக்கு ஸ்ரனிஸ்லஸின் உதடு நீலமாகிவிட்டது.

வார்ட்டில் எடுபிடி வேலை பார்க்கும் அற்ரென்டன் புனிதம் அவன் இமையை விரித்தாள். கண்மணி கடுகளவு; மோர்பின் கூடிப்போனதன் அடையாளம். பன்னிரண்டு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள். மோர்பினை முறிக்கும் மருந்து எந்தத் தட்டில் என்று தெரியும். அற்ரென்டன் ஊசி தொட்டால் வேலை போகும் என்பதும் தெரியும். சேலைன் ஏற்றிய இன்னொரு அற்ரென்டன் யோகலிங்கத்தைப் போன மாதம்தான் வேலையிலிருந்து நிறுத்தி விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். ஓடிப்போய்க் கேட்டு வர நேரமில்லை.

போட்டாள்.

இரண்டு நிமிடத்தில் அவன் கத்தினான். "எங்கையடி போனனி? இந்தக் காலை வெட்டி எறியச் சொல்லடி!"

மனைவி அழுதபடியே சிரித்தாள். "ஏச்சு வந்திட்டுது, அக்கா. இனி ஆள் தப்பீட்டார்."

"நான் ஊசி போட்டது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, பிள்ளை. என்ர வேலை போயிடும்."

"மாதாவாணை சொல்லமாட்டன்."

புனிதம் வெறும் குப்பியைக் குப்பைக்குள் புதைத்தாள். அவனுக்குக் கொடுத்த மருந்துகளைக் குறிக்கும் ரிக்கற்றில் எதுவும் எழுதவில்லை. திரும்பி வந்த நிறஞ்சனா கத்துகிறவனைப் பார்த்தாள். "இவ்வளவு சத்தம் போடுறவருக்கு ஒண்டும் ஆகாது" என்று அடுத்த கட்டிலுக்குப் போனாள். வாசலில் இன்னொரு ட்ராக்டர் வந்தது. காயக்காரரை இறக்கப் புனிதம் போனாள்.

முறிக்கும் மருந்து ஒரு மணித்தியாலம் நின்றால் பெரிது. மோர்பின் அதைத் தாண்டியும் நிற்கும். அது புனிதத்துக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு ஊசி போட்டது தெரியாது.

ஸ்ரனிஸ்லஸ் தூங்கினான். வலி விட்டுவிட்டதென்று மனைவி அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரைக்கு டொக்டர் வந்தார். ஸ்ரனிஸ்லஸின் கழுத்தில் விரல் வைத்தார். துடிப்பில்லை. எடுத்தார். நிறஞ்சனாவைப் பார்த்தார். அவள் அழத் தொடங்கினாள்.

புனிதம் முன்னால் வந்தாள். "நான் முறிக்கிற மருந்து போட்டனான், டொக்டர்."

"எத்தினை மணிக்கு?"

"பதினொன்றரை."

டொக்டர் ரிக்கற்றை எடுத்தார். பதினொன்றரைக்குப் போட்ட ஊசி தன் உத்தரவின்படி போடப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்து அவளிடம் நீட்டினார்.

"அப்ப வந்து சொல்லியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பன், புனிதம். மூச்சைப் பாக்கப் பக்கத்தில ஒரு ஆளையும் இருத்தியிருப்பன்."